கிராஃப் போட்டியில் முதல்முறை இறங்குகிறவர்களுக்கு: தரவு தேடுவதிலிருந்து பரிசுப் பணம் வரை

‘கிராஃப் தொழில்நுட்பத்தைக் கொண்டு நிஜ வாழ்க்கைச் சிக்கல் ஒன்றைத் தீர்த்துக் காட்டுங்கள்.’ இப்படி ஓர் இணையவழிப் போட்டி. நானும் இரண்டு நண்பர்களும் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை வைத்து அதில் கலந்துகொண்டோம். ஏழு வாரம் வேலை. நிரல் எழுதியது அதில் இரண்டு வாரம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் விதிமுறை, தரவு, பெயர்க் குழப்பம், வங்கி என்றே போனது. கடைசியில் 500 டாலர் ஆறுதல் பரிசு ஒன்று கிடைத்தது. அந்தப் பணத்தைக் கையில் வாங்குவதற்குப் பட்ட பாடு, போட்டியில் பட்டதைவிட அதிகம். நாங்கள் விழுந்த குழிகளில் நீங்களும் விழவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிராஃப் என்றதும் பள்ளிக்கூடத்தில் கட்டத் தாளில் வரைந்தது நினைவுக்கு வரலாம். அது இல்லை. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்ததுதான் இந்தக் கிராஃப். பாடநூல்களில் ‘கோட்டுரு’ என்பார்கள். புள்ளியைக் கணு என்றும் இணைப்பைக் கோடு என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. எந்த வகைப் போட்டி என்று முதலில் பாருங்கள்

‘கிராஃப் போட்டி’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விளையாட்டுகள் நடக்கின்றன.

ஒன்று, செயலி செய்து காட்டும் ஹேக்கத்தான். தரவைக் கணுவும் கோடுமாகவே சேமிக்கும் கிராஃப் தரவுத்தளங்களை விற்கும் நிறுவனங்கள் நடத்துவது பெரும்பாலும் இதைத்தான். 2022இல் டைகர்கிராஃப் நிறுவனம் மொத்தம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்து நடத்தியது இந்த வகை. மனிதர்கள்தான் நடுவர்கள். யாருக்குப் பயன், எவ்வளவு புதுமை, எவ்வளவு தூரம் முடித்திருக்கிறீர்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். புதியவர்களுக்கு ஏற்றது இதுதான்.

இரண்டாவது, தரவைக் கொடுத்துக் கணிக்கச் சொல்லும் போட்டி. மதிப்பெண் பலகையில் யார் மேலே என்பதுதான் கணக்கு. தரவு ஆய்வாளர்களுக்கான ஆண்டுப் போட்டியான கேடிடி கோப்பையில், 2021இல் ஓப்பன் கிராஃப் பெஞ்ச்மார்க் என்ற ஆய்வுக் குழு கொடுத்த தரவுகளில் ஒன்றில் மட்டும் 24 கோடிக்கு மேல் கணுக்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிற இடமில்லை அது.

மூன்றாவது, ஒரே ஒரு கணிதச் சிக்கலுக்கு வேகமான வழிமுறை எழுதும் போட்டி. 2016 முதல் நடக்கும் ‘பேஸ்’ சவால் இந்த ரகம்: 2018இல் ‘ஸ்டைனர் மரம்’, 2019இல் ‘வெர்ட்டெக்ஸ் கவர்’ என்று பெயருள்ள கோட்டுருச் சிக்கல்கள். வழிமுறைப் பாடத்தில் ஊறியவர்களுக்கு விருந்து. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

கல்லூரி மாணவர் என்றால் இன்னொரு கதவும் உண்டு: 2017 முதல் நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தரும் சிக்கல்களில் போக்குவரத்து, மின்சாரம், நீர் என்று கிராஃபுக்குப் பொருந்துபவை கிடைக்கும். ஆனால் தனியாளாக நேரே பதிவு செய்ய முடியாது. ஒரே கல்லூரியைச் சேர்ந்த ஆறு பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். கல்லூரிக்குள் நடக்கும் உள்போட்டியில் தேர்வாகி, கல்லூரியின் பொறுப்பாளர் வழியாகத்தான் பெயர் போகும். அந்தப் பொறுப்பாளர் யார் என்று கண்டுபிடிப்பதே சில கல்லூரிகளில் ஒரு வாரம் ஆகும் வேலை. முன்கூட்டியே தொடங்குங்கள்.

இனி நான் சொல்வது முதல் வகையைப் பற்றி.

2. விதிமுறைக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்

முகப்புப் பக்கத்தில் இருப்பது விளம்பரம். ‘அதிகாரபூர்வ விதிகள்’ என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கும், அதுதான் ஒப்பந்தம். அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். பார்க்கவேண்டியவை:

வயது, நாடு. பெரும்பாலும் 18 அல்லது அந்தந்த நாட்டுச் சட்டப்படி வயது வந்தவர் என்று இருக்கும். சில நாடுகளும் மாகாணங்களும் விலக்கப்பட்டிருக்கும். கனடாவின் கியூபெக் பல பட்டியல்களில் வரும். மான்ட்ரியாலில் இருக்கும் நம்மவர்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

புதிய வேலையா? பெரும்பாலான போட்டிகளில் போட்டிக் காலத்துக்குள் செய்ததுதான் செல்லும். பழைய திட்டத்தைக் கொண்டுவந்தால் போட்டிக் காலத்தில் என்ன சேர்த்தீர்கள் என்று காட்டவேண்டும். நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் தேதி அப்படியே பதிந்திருக்கும், மறைக்க முடியாது.

கட்டாயக் கருவி. நடத்துகிற நிறுவனத்தின் தரவுத்தளத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று இருந்தால், பெயருக்குத் தொட்டுவிட்டு மற்றதில் செய்வது எடுபடாது.

உரிமை. ஆக்கம் உங்களுடையதாகவே இருக்குமா, அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா, முழுதாக எழுதி வாங்கிக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஊழியர் உருவாக்கும் எந்த மென்பொருளும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதியிருக்கலாம். எங்களில் ஒருவருக்கு அப்படித்தான் இருந்தது. ‘ஆட்சேபணை இல்லை’ என்று மனிதவளத் துறையிடம் ஒரு வரி மின்னஞ்சல் வாங்க 11 நாள் ஆனது. பதிவு செய்த அன்றே கேட்டிருந்தால் அந்த 11 நாளும் பயத்தில் கழிந்திருக்காது.

3. கேள்வி கிராஃபுக்கு உரியதுதானா?

புதியவர்கள் பலர் தடுக்குவது இங்கேதான். கையில் ஒரு அட்டவணை இருக்கும். அதைப் புள்ளியும் கோடுமாக மாற்றி, வண்ண வண்ணமாகச் சிலந்தி வலை போல் திரையில் காட்டுவார்கள். நடுவர் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இதை எக்செல்லில் செய்ய முடியாதா?’

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று. உங்கள் கேள்விக்கு விடை காண எத்தனை கண்ணி, அதாவது எத்தனை கோடு, தாண்டவேண்டும்? ‘இந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ ஒரு கண்ணிதான், அட்டவணை போதும். ‘இந்த ஒரு வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) தூர்ந்துபோனால் கீழே எத்தனை கண்மாய்கள் வறளும்?’ இதற்கு மூன்று கண்ணியா முப்பதா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். ஆழம் தெரியாமல் போகவேண்டிய கேள்விதான் கிராஃபுக்கு உரியது.

2016இல் கசிந்து வெளியான, வெளிநாட்டு ரகசிய நிறுவனங்களைப் பற்றிய பனாமா ஆவணங்களில் 1 கோடியே 15 லட்சம் கோப்புகளுக்கு நடுவே பத்திரிகையாளர்கள் கிராஃப் தரவுத்தளத்தில் தேடியது இப்படிப்பட்ட கேள்விகளைத்தான்: இந்த ஆள், அவர் பங்குதாரராக இருக்கும் நிறுவனம், அதே முகவரியில் இன்னொரு நிறுவனம், அதன் இயக்குநர் யார்? ஒரே தொலைபேசி எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் மோசடிக் கணக்குகள், ஒரு உதிரிபாகம் நின்றால் எந்தெந்த ஆலை நிற்கும் என்பது, இரண்டு பேருந்து மாறிப் போகும் வழி எல்லாம் இந்த ரகம்.

எங்களுக்குக் கண்மாய் தோன்றியதற்குக் காரணம் எளிது. தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. பல இடங்களில் ஒன்று நிரம்பி அதன் கலுங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அந்த மறுகால் தண்ணீர் அடுத்ததற்கு வரத்து. சங்கிலி ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. நாங்கள் அதைக் கணினியில் எழுதினோம், அவ்வளவுதான்.

உங்களுக்கும் சொல்வது இதுதான்: நீங்கள் நடந்துபோய்ச் சரிபார்க்கக்கூடிய சிக்கலாக எடுங்கள். உலகம் முழுக்கப் பொருந்துகிற பெரிய திட்டத்தைவிட, ஒரு வட்டத்துக்குள் உண்மையாகப் பொருந்துகிற சின்னத் திட்டம் நடுவரிடம் நன்றாகவே நிற்கிறது.

4. தரவு: பாதி நாள் இதற்குத்தான்

ஏழு வாரத்தில் மூன்றரை வாரம் எங்களுக்கு இதில் போனது. உங்கள் திட்டத்திலும் பாதி நேரத்தை இதற்கு வைத்துவிடுங்கள்.

எங்கிருந்து எடுப்பது? தன்னார்வலர்கள் வரைந்து சேர்க்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் நீர்நிலைகளும் கால்வாய்களும் ஓரளவு வரையப்பட்டிருக்கின்றன. இலவசம். ஆனால் அதன் உரிமப்படி எங்கிருந்து எடுத்தோம் என்று செயலியிலேயே தெரியும்படி குறிப்பிடவேண்டும், அதைத் திருத்திச் செய்த தரவுத்தளத்தைப் பொதுவில் வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிடவேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்க்க அருமையான பொருள். ஆனால் இறக்கிக்கொள்ளலாம் என்பதும் அப்படியே உங்கள் நிரல் களஞ்சியத்தில் (கிட்ஹப் பக்கத்தில்) போட்டு உலகத்துக்குக் கொடுக்கலாம் என்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு தரவுக்கும் பெயர், இறக்கிய தேதி, உரிமம் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். கடைசி இரவில் இதைத் தேடிக்கொண்டிருப்பது கொடுமை.

இனி எங்களைக் கவிழ்த்த மூன்று குழிகள்.

முதல் குழி, திசை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நில உயரத் தரவிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயரம். மலைநாட்டில் அது போதும். எங்கள் பக்கம் தரை தட்டு போலச் சமதளம். அடுத்தடுத்த கண்மாய்களுக்கு இடையே ஒன்றிரண்டு மீட்டர்தான் வித்தியாசம். அந்தத் தரவின் பிழையோ அதைவிடப் பல மடங்கு. விளைவு, எங்கள் கணினியில் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடியது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கால்வாயை நீர் ஓடும் திசையில் வரைவதுதான் மரபு. அது பாதி உதவியது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கோ உட்கார்ந்து வரைந்தவர் தலைகீழாக வரைந்ததும் இருந்தது. கடைசியில் இருசக்கர வண்டியில் போய் ஊர் ஊராக நீர்பாய்ச்சிகளை, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்களை, கேட்டோம். ஒரு பெரியவர் மண்ணில் குச்சியால் கோடு இழுத்து, ஒன்பது கண்மாய்களின் வரிசையை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். நாங்கள் பத்து நாள் மல்லுக்கட்டியது அது. இதில் ஒரு சோதனையையும் கற்றுக்கொண்டோம். தண்ணீர் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வராது. ஆகவே கிராஃபில் எங்காவது சுழற்சி இருந்தால் அங்கே தரவு தப்பு. நெட்வொர்க்எக்ஸ் போன்ற பைத்தான் நூலகத்தில் சுழற்சியைக் கண்டுபிடிக்க ஒரே கட்டளை. எங்களுக்கு 14 சுழற்சிகள் வந்தன, 14ம் எங்கள் பிழை.

இரண்டாம் குழி, ஒரே பெயர். முதல்முறை கணக்குப் போட்டபோது, எல்லாவற்றையும்விட முக்கியமான கண்மாய் என்று ஒன்று உச்சியில் வந்து நின்றது. மகிழ்ந்துபோய்ப் படமெல்லாம் எடுத்தோம். அதன் பெயர் ‘பெரிய கண்மாய்’. எந்த ஊர்ப் பெரிய கண்மாய்? ஏழு ஊர்ப் பெரிய கண்மாய்களையும் பெயர் ஒன்றாக இருக்கிறதென்று கணினி ஒரே கணுவாகச் சேர்த்துவிட்டிருந்தது. எனவே பெயரை ஒருபோதும் அடையாளமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு கணுவுக்கும் சொந்தமாக ஓர் எண் கொடுங்கள், பெயர் வெறும் ஒட்டுச்சீட்டாக இருக்கட்டும். மருந்துக்கடை, பள்ளி, மனிதர்கள் என்று எதை வைத்துச் செய்தாலும் இது வரும். நம்மூரில் எத்தனை முருகன், எத்தனை செல்வி!

மூன்றாம் குழி நேர் எதிரானது: ஒரே கண்மாய் இரண்டு கணுவாக நிற்பது. ஆங்கில எழுத்தில் ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள், அது தெரிந்ததுதான். தமிழிலேயே இன்னொன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. தரவை ஏற்றுவதற்கு முன் இப்படிப்பட்ட எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் ‘என்எஃப்சி’ முறையில் சீராக்கிவிடுங்கள். ஒரே வரி நிரல். இது தெரியாமல் ‘கொ’வில் தொடங்கும் ஊர்களுக்கு மட்டும் ஏன் தண்ணீர் போகவில்லை என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம்.

5. எது கணு, எது கோடு? தாளில் போடுங்கள்

கணினியைத் திறக்கும் முன் தாளில் வரையுங்கள். கண்மாய் கணு, வரத்துக்கால் கோடு. சரி, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை? கலுங்கு? நாங்கள் முதலில் எல்லாவற்றையும் கணுவாக்கினோம். கிராஃப் மூன்று மடங்கு பெருத்தது, கேள்விக்கோ ஒரு பயனும் இல்லை. பிறகு மடைகளின் எண்ணிக்கையைக் கண்மாயின் பண்பாக வைத்துக்கொண்டோம். எதைப் பற்றித் தனியாகக் கேள்வி கேட்பீர்களோ அது கணு. மற்றதெல்லாம் பண்பு.

வழிமுறைகளை அள்ளிப் போடாதீர்கள். பேஜ்ரேங்க் (கணுவின் முக்கியத்துவத்தை அளப்பது), சமூகக் கண்டறிதல் (நெருங்கிய கணுக்களைக் குழுவாகப் பிரிப்பது) என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கத் தோன்றும், ஓட்டுவது எளிதும்கூட. ஆனால் ‘பேஜ்ரேங்க் 0.03 என்றால் அந்த ஊர் விவசாயிக்கு என்ன?’ என்று நடுவர் கேட்டால் பதில் வேண்டும். நாங்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். ஒன்று, ஒரு கணுவிலிருந்து கீழே எட்டக்கூடிய கணுக்களின் எண்ணிக்கை. இன்னொன்று, மற்ற கணுக்களுக்கு இடையிலான குறுகிய பாதைகளில் எத்தனை ஒரு கணுவின் வழியாகப் போகின்றன என்று காட்டும் இடைமை அளவு. ‘தூர்வார இந்த ஆண்டு ஒரு வரத்துக்காலுக்குத்தான் பணம் இருக்கிறது, எதை எடுப்பது?’ என்ற கேள்விக்கு இரண்டும் நேராகப் பதில் சொல்லின.

6. கருவியும் செலவும்

சில ஆயிரம் கணுக்கள் என்றால் நெட்வொர்க்எக்ஸே போதும், இலவசம், மடிக்கணினியில் ஓடும். தரவுத்தளம் கட்டாயம் என்ற போட்டியில் பெரும்பாலும் நிறுவனமே இலவசக் கணக்கோ வரவுத்தொகையோ தரும். நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தள நிறுவனத்தின் இலவச மேகக் கணக்கான ஆராவில் 2 லட்சம் கணு, 4 லட்சம் கோடு வரை வைக்கலாம். முதல் போட்டிக்கு இதற்கு மேல் தேவைப்பட்டால் உங்கள் கேள்வி பெரிதாகிவிட்டது என்று பொருள்.

கேள்வி மொழி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்று: நியோ4ஜேக்குச் சைஃபர், டைகர்கிராஃபுக்கு ஜிஎஸ்க்யூஎல். 2024இல் ஜிக்யூஎல் என்ற பெயரில் ஐஎஸ்ஓ தரமும் வந்தது. அது சைஃபரின் சாயலில்தான் இருக்கிறது, ஆகவே புதிதாகக் கற்பவர்கள் சைஃபரிலிருந்து தொடங்கினால் வீண்போகாது. ஒரு வார இறுதி போதும்.

எங்களுக்கு ஆன செலவு: பெட்ரோலும் சாப்பாடும் 2,860 ரூபாய், சட்டையில் குத்தும் ஒலிவாங்கி 650, அச்சு, நகல் எல்லாம் 240. மேகக் கணினிக்கு எதுவும் இல்லை. கடன் அட்டையைப் பதியச் சொல்லும் சேவைகளில் மட்டும் செலவு உச்சவரம்பு எச்சரிக்கையை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இலவச இடங்களில் ஒரு ஆபத்து உண்டு. சில நாள் யாரும் தொடாவிட்டால் அவை தானாக உறங்கிவிடும். சமர்ப்பித்த பிறகு நாங்கள் செயலியை எட்டிப் பார்க்கவில்லை. நடுவர் திறந்தபோது வெறும் பக்கம். அவர் மின்னஞ்சல் போட்டுக் கேட்டதால் பிழைத்தோம், எல்லா நடுவரும் கேட்க மாட்டார்கள். மதிப்பீட்டுக் காலம் முடியும் வரை தினமும் ஒருமுறை திறந்து பார்க்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

7. கடைசி மணி எந்த ஊர் மணி?

அமெரிக்கப் போட்டிகளில் ‘மாலை 5 மணி, கிழக்கு நேரம்’ என்று இருக்கும். குளிர்காலத்தில் அது நமக்கு மறுநாள் அதிகாலை 3:30. கோடைக் கணக்கில் 2:30. இந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கும். எங்கள் போட்டி பிப்ரவரியில் தொடங்கி மார்ச் கடைசியில் முடிந்தது. பிப்ரவரியில் கணக்குப் போட்டு 3:30 என்று சுவரில் எழுதிவிட்டோம். கடைசி இரவு 2 மணிக்குக் காணொளியை நிதானமாக வெட்டிக்கொண்டிருந்தபோது நண்பர் தற்செயலாகப் பக்கத்தைப் பார்த்தார்: இன்னும் 26 நிமிடம். அந்த 26 நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

மேற்கு நேரம் என்றால் மாலை 5 நமக்கு மறுநாள் காலை 6:30, கோடையில் 5:30. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்றால் தலைகீழ், அங்கே நமக்கு முன்னதாகவே நேரம் முடிந்துவிடும். கணக்குப் போடாதீர்கள், போட்டிப் பக்கத்தில் ஓடும் கடிகாரத்தையே நம்புங்கள். ஒரு நாள் முன்னதாக, அரைகுறையாக இருந்தாலும், ஒருமுறை சமர்ப்பித்துவிடுங்கள். ஹேக்கத்தான்கள் நடக்கும் டெவ்போஸ்ட் போன்ற தளங்களில் நேரம் முடியும்வரை திருத்திக்கொண்டே இருக்கலாம்.

8. சமர்ப்பிப்பு

நடுவர் உங்கள் நிரலைவிட முதலில் பார்ப்பது காணொளியை. பெரும்பாலும் 3 நிமிடம். அதற்கு மேல் இருந்தால் மீதியைப் பார்க்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. முதல் 30 விநாடியில் சிக்கலைச் சொல்லுங்கள், கிராஃப் என்றால் என்ன என்று பாடம் எடுக்காதீர்கள். நடுவருக்கு அது தெரியும். நாங்கள் அந்த நீர்பாய்ச்சி மண்ணில் கோடு போட்ட 12 விநாடியை ஆங்கில வசனவரியோடு முதலில் வைத்தோம். பின்னர் வந்த கருத்துகளில் எல்லாரும் குறிப்பிட்டது அதைத்தான். அவரிடம் ஒப்புதல் வாங்கியது எங்கள் புத்திசாலித்தனம் அல்ல, விதியில் இருந்தது. முகமோ குரலோ வருகிற எவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். அவருக்கு வாசித்துக் காட்டி, புரிகிற மொழியில்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். காணொளியை யூடியூபில் ‘தனிப்பட்டது’ என்று வைத்தால் நடுவரால் பார்க்க முடியாது. ‘பட்டியலிடப்படாதது’ அல்லது ‘பொது’ என்று வையுங்கள். வேறொரு கைப்பேசியில், உங்கள் கணக்கில் நுழையாமல் திறந்து பாருங்கள்.

களஞ்சியத்தில் உரிமக் கோப்பு இருக்கிறதா? திறந்த மூல உரிமம் கட்டாயம் என்று விதியில் இருந்து, கோப்பு இல்லாவிட்டால் தகுதிநீக்கம் வரை போகலாம். தரவுத்தளக் கடவுச்சொல் நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கிறதா? அழித்தாலும் பழைய பதிவுகளில் இருக்கும், ஆகவே கடவுச்சொல்லையே மாற்றுங்கள். நிறுவும் முறை எழுதிய கோப்பை உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டான். அது எங்கள் தவறு.

9. பரிசுப் பணம்: ஆவணங்கள்

வென்றதாக மின்னஞ்சல் வந்த பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் பதில் அனுப்பாவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போகும் என்று விதியில் இருக்கும். எங்களுக்கு 10 வேலைநாள். விளம்பர மின்னஞ்சல் குப்பைக் கூடையையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தயாராக இருக்கவேண்டியவை: பான் அட்டை, கடவுச்சீட்டு அல்லது வேறு அடையாளச் சான்று, வங்கிக் கணக்கின் முதல் பக்க நகல், வெளிநாட்டுப் பணம் வாங்கத் தேவையான வங்கியின் ஸ்விஃப்ட் எண், குழு உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்திட்ட தகுதி உறுதிமொழி. மாணவர் பிரிவு என்றால் கல்லூரியிலிருந்து மாணவர் சான்று.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: இனிஷியல். எனக்கு வங்கியில் ஒற்றை எழுத்து இனிஷியலோடு பெயர். பானில் அந்த எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடவுச்சீட்டில் முன்னும் பின்னுமாக வேறு. போட்டிப் பதிவில் நான் வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன். ஆக, நான்கு ஆவணங்களில் நான்கு ஆட்கள். பணம் அனுப்பும் நிறுவனம் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று இருமுறை திருப்பி அனுப்பியது. கடைசியில், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி அனுப்பினேன். அதற்கு 300 ரூபாய், 19 நாள். பதிவு செய்யும்போதே வங்கிக் கணக்கில் இருக்கிற மாதிரியே பெயரைக் கொடுங்கள். பானும் வங்கியும் வேறுபட்டால் போட்டி தொடங்கும் முன்பே ஒன்றை மாற்றிவிடுங்கள்.

அமெரிக்க நிறுவனம் பணம் தருவதானால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். தனிநபருக்கு அது. கடைசியில் ஈ சேர்ந்த இன்னொன்று நிறுவனங்களுக்கு, மாற்றி நிரப்பிவிடாதீர்கள். உங்கள் நாட்டு வரி எண் என்ற இடத்தில் பான் எண்ணை எழுதவேண்டும். அங்கேயே ஒரு பங்கு வரியாகப் பிடிக்கப்படலாம். இந்திய நிறுவனம் நடத்தும் போட்டி என்றால் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசில் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டு தருவதே பெரும்பாலும் வழக்கம். வரிப் பிடித்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பரிசை வருமானக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது உத்தமம்.

சின்ன ஊர்க் கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் எண் இருக்காது. வங்கியின் அயல்நாட்டுப் பரிமாற்றக் கிளையின் எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். பணம் வந்ததும் ‘எதற்காக வந்தது?’ என்று நோக்கக் குறியீடு கேட்டு வங்கி நிறுத்தி வைக்கும். பரிசு அறிவித்த மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எங்கள் கிளையில் இதற்கு முன் யாரும் ‘கண்மாய்க்காக’ டாலர் வாங்கியதில்லையாம், மேலாளர் டீ வாங்கிக் கொடுத்துக் கதை கேட்டார்.

பரிசு முழுவதும் பெரும்பாலும் குழுத் தலைவர் ஒருவர் கணக்குக்குத்தான் வரும், அவர்தான் பிரித்துக் கொடுக்கவேண்டும். வரியும் வங்கிக் கட்டணமும் யார் பங்கில் போகும் என்று முதல் வாரமே ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள், நண்பர்கள் என்பதால்தான் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அறிவிப்பு வந்த நாளிலிருந்து பணம் கணக்கில் ஏற எங்களுக்கு 71 நாள் ஆனது.

பரிசு கிடைக்காவிட்டால் அதே ஆக்கத்தை அடுத்த போட்டிக்குக் கொண்டுபோகலாமா? பல போட்டிகள் விடாது. ஆனால் தரவு உங்களுடையது, அதைச் சுத்தம் செய்த வேலையும் உங்களுடையது. புதுக் கேள்வி, புது நிரல் என்று அதே தரவின்மேல் கட்டலாம், விதி அனுமதித்தால். நாங்கள் இப்போது அதே சங்கிலியில் மறுகால் உடைப்பு பற்றிச் செய்துகொண்டிருக்கிறோம். சுவரில் இந்த முறை எந்த மணியும் எழுதவில்லை.